மாரிப்போசா லில்லி: கலிபோர்னியக் கடலோர மலைகளின் குமிழப் பூ

மாரிப்போசா லில்லி என்பது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், குறிப்பாகக் கலிபோர்னியாவின் கடலோர மலைத்தொடர்களில் இயற்கையாக வளரும் பூச்செடி வகை. தாவரவியலில் இது கலோகார்ட்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. வெங்காயத்தைப் போல மண்ணுக்கடியில் குமிழம் வைத்து, மழைக்காலத்தில் இலைவிட்டு, வேனிலின் தொடக்கத்தில் பூத்து, கோடையில் மேற்பகுதி முழுவதும் காய்ந்து மறையும் இயல்புடையது.

இன்று இது அழகுக்காக அறியப்படும் பூ. ஆனால் பல நூற்றாண்டுகளாக இதன் குமிழம் அம்மலைகளில் வாழ்ந்த பூர்வகுடிகளின் உணவாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு வந்து குடியேறியவர்கள், மண்ணைத் தோண்டி உண்பவர்கள் என்று அம்மக்களை இழிவாகப் பேசினர். அதே நூற்றாண்டின் இறுதியில் அதே குமிழங்களைத் தோண்டி எடுத்து வெளியூர்த் தோட்டங்களுக்கு அனுப்புவது மதிப்பான வணிகமாக மாறியது. யார் தோண்டினார்கள், எதற்காகத் தோண்டினார்கள், மண்ணில் எதை விட்டுச் சென்றார்கள் என்ற கேள்விகளின் வழியாகக் கலிபோர்னியாவின் வரலாற்றில் ஒரு பகுதியை இச்செடியைக் கொண்டே அறியமுடியும்.

பெயரும் செடியும்

கலோகார்ட்டஸ் என்ற பெயர் கிரேக்கச் சொற்களால் ஆனது. 'கலோஸ்' என்றால் அழகு, 'கோர்ட்டோஸ்' என்றால் புல். செடியின் இலை புல்லைப் போல ஒடுங்கி நீண்டிருப்பதால் 'அழகிய புல்' என்று பெயர் அமைந்தது. மாரிப்போசா என்பது ஸ்பானிய மொழியில் வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சொல். அகன்ற இதழ்களும் அவற்றின் அடியில் உள்ள புள்ளிகளும் வண்ணத்துப்பூச்சியின் சிறகை நினைவூட்டுவதால் அப்பெயர் வழங்குகிறது. தமிழில் அல்லி என்று அழைக்கப்படும் நீர்ப்பூவுக்கும் இதற்கும் உறவில்லை. இது லில்லியேசி குடும்பத்தைச் சேர்ந்த நிலத்தாவரம்.

இப்பேரினத்தில் ஏறத்தாழ 70 இனங்கள் உள்ளன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா முதல் மத்திய அமெரிக்காவின் குவாதமாலா வரை அவை பரவியிருந்தாலும், பாதிக்கும் மேற்பட்டவை கலிபோர்னியாவில் காணப்படுகின்றன. பூவின் வடிவத்தைக் கொண்டு மக்கள் வழக்கில் அவற்றை மூன்று வகையாகப் பிரிப்பர். கிண்ணம்போல மேல்நோக்கி விரிபவை மாரிப்போசா லில்லிகள். இதழ்கள் மூடி விளக்குபோலத் தலைகீழாகத் தொங்குபவை உருண்டை லில்லிகள். இதழின் உட்புறம் அடர்ந்த மயிர் உடையவை பூனைக்காதுகள். எல்லா வகைகளிலும் மூன்று புல்லிதழ்களும் மூன்று அல்லிதழ்களும் இருக்கும்.

விதையிலிருந்து முளைத்த செடி பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். முதல் ஆண்டுகளில் ஒரே ஒரு மெல்லிய இலை மட்டும் வெளியே தெரியும். அந்த இலை சேர்த்த உணவு குமிழத்தில் சேமிக்கப்படும். போதிய அளவு சேர்ந்த பிறகே பூத்தண்டு எழும். தாய்க் குமிழத்தை ஒட்டிச் சிறு குமிழங்களும் உருவாகும். சில இனங்களில் தண்டின் அடியில் இலைக் கக்கத்திலும் குறுங்குமிழங்கள் தோன்றும். எனவே ஒரு செடி விதையால் பெருகலாம், பக்கக் குமிழங்களாலும் பெருகலாம். பின்னர் வரும் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த உண்மை முக்கியமானது.

மலையும் மண்ணும்

பசிபிக் பெருங்கடலை ஒட்டி, கலிபோர்னியாவின் வட பகுதியிலிருந்து சாந்தா பார்பரா வரை ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலோர மலைத்தொடர்கள் நீள்கின்றன. இவை மிக உயர்ந்த மலைகள் அல்ல. புல்வெளிச் சரிவுகளும், ஓக் மரக் காடுகளும், அடர்ந்த புதர்களும், இடையிடையே வளமான பள்ளத்தாக்குகளும் கொண்டவை. மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்யும். மே மாதத்துக்குப் பின் பல மாதங்கள் மழையே இருக்காது. நீரையும் உணவையும் மண்ணுக்கடியில் சேமித்துக்கொண்டு கோடையில் உறங்கும் குமிழச் செடிகளுக்கு இத்தகைய காலநிலை ஏற்றது.

இம்மலைகளின் இன்னொரு சிறப்பு பாம்புப்பாறை என்று பொருள்படும் 'செர்பென்டைன்'. பச்சை நிறமும் வழவழப்பும் கொண்ட இப்பாறை சிதைந்து உருவாகும் மண்ணில் கால்சியம் குறைவு, மக்னீசியம் மிகுதி, நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் கலந்திருக்கும். பெரும்பாலான செடிகளுக்கு இது ஒவ்வாத மண். ஆனால் கலோகார்ட்டஸ் இனங்களில் சில இதற்குப் பழகிக்கொண்டன. வேறு செடிகள் போட்டியிடாத அந்த மண்ணில் அவை தனித்து வாழ்ந்தன. ஒரு மலையில் மட்டும் வளரும் இனங்கள் தோன்றியதற்கு இத்தகைய மண்தீவுகளும் ஒரு காரணம். சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள டியாப்லோ மலைப்பகுதிக்கே உரிய மஞ்சள் உருண்டை லில்லி குறுகிய பரப்பில் அடங்கிய இனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு.

உணவாக இருந்த குமிழம்

ஐரோப்பியர் வருவதற்கு முன் இம்மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் போமோ, யூக்கி, வாப்போ, கடற்கரை மிவோக், ஓலோனி முதலிய பல மக்கள் வாழ்ந்தனர். போமோ என்பது ஒரே இனக்குழுவின் பெயரன்று. ஒன்றுக்கொன்று உறவுடைய ஏழு மொழிகளைப் பேசிய பல ஊர்மக்களைச் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயர். ஓக் மரக் கொட்டைகள், மீன், வேட்டை இறைச்சி, புல் விதைகள் ஆகியவற்றுடன் நிலத்தடிக் குமிழங்களும் அவர்களது உணவில் இடம்பெற்றன.

அவர்கள் தோண்டியது கலோகார்ட்டஸ் மட்டுமன்று. புரோடியா, டிக்கலோஸ்டெம்மா, டிரிட்டிலியா, கமாஸ் எனப் பல செடிகள் அதில் அடங்கும். இவற்றுள் சில, துல்லியமாகச் சொன்னால், குமிழங்கள் அல்ல. சேப்பங்கிழங்கைப் போன்ற கந்தங்கள். வெளியாட்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் 'இந்தியன் உருளைக்கிழங்கு' என்ற ஒரே பெயரில் அடக்கினர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெண்டசினோ கவுண்டியில் ஆய்வு செய்த வி. கே. செஸ்நட் 1902-ல் வெளியிட்ட நூல், அப்பகுதிப் பூர்வகுடிகள் பயன்படுத்திய செடிகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. உண்ணப்பட்ட குமிழச் செடிகள் பல அதில் இடம்பெற்றுள்ளன.

தோண்டும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. உறுதியான மரக்கிளையைச் சீவி, முனையை நெருப்பில் காட்டிக் கெட்டியாக்கிய தோண்டுகோல் அவர்களது கருவி. எடுத்த குமிழங்களைப் பச்சையாகவோ சாம்பலில் சுட்டோ உண்டனர். பெருமளவில் சமைக்கவேண்டியிருந்தால் குழி வெட்டி, சூடேறிய கற்களை அடுக்கி, இலைகளைப் பரப்பி, குமிழங்களை வைத்து மண்ணால் மூடி அவித்தனர்.

இந்த வேலையில் பொறுக்கி எடுப்பதோடு பேணும் முறையும் சேர்ந்திருந்தது. எந்தச் சரிவில் எந்தச் செடி எப்போது முற்றும் என்பதைத் தோண்டியவர்கள் அறிந்திருந்தனர். பெரிய குமிழங்களை எடுத்துக்கொண்டு சிறியவற்றை மண்ணிலேயே விட்டனர். விதை முற்றும்வரை காத்திருந்து தோண்டும் வழக்கமும் இருந்தது. தோண்டும்போது பக்கக் குமிழங்கள் தாயிலிருந்து பிரிந்து இளகிய மண்ணில் சிதறின. முற்றிய விதைகளும் அதே குழியில் விழுந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் அவ்விடத்தில் செடிகள் மீண்டும் எழுந்தன.

இதனுடன் தீயும் ஒரு கருவியாக இருந்தது. காய்ந்த புல்லையும் நெருங்கி வளர்ந்த புதரையும் பருவம் பார்த்து எரிப்பது கலிபோர்னியப் பூர்வகுடிகளின் பரவலான வழக்கம். கோடையின் இறுதியில் தீ வைக்கும்போது குமிழங்கள் மண்ணுக்கடியில் உறங்கிக்கொண்டிருக்கும். மெல்லிய புல்தீ அவற்றைத் தொடுவதில்லை. சருகு நீங்கியதால் வெயில் தரையை எட்டும், சாம்பல் எருவாகும். அடுத்த வேனிலில் குமிழப் பூக்கள் மிகுதியாகப் பூக்கும். பயணிகள் பின்னாளில் வியந்து எழுதிய பூச்சரிவுகளில் பல, மனிதக் கை படாத காடுகள் அல்ல. தலைமுறை தலைமுறையாக எரித்தும் தோண்டியும் பேணப்பட்ட நிலங்கள் அவை.

தீக்கு விழுந்த தடை

ஸ்பானியர் 1769-ல் சான் டியேகோவில் முதல் கத்தோலிக்க மிஷனை நிறுவினர். 1823-க்குள் கடற்கரையை ஒட்டி 21 மிஷன்கள் எழுந்தன. பூர்வகுடிகள் அங்கே குடியேற்றப்பட்டு, வயல்வேலையிலும் கால்நடை வளர்ப்பிலும் ஈடுபடுத்தப்பட்டனர். புதிய நோய்கள் பரவிப் பெருமளவில் உயிரிழப்பு நேர்ந்தது. மக்கள் மிஷன்களுக்கு இழுக்கப்பட்டதால் சரிவுகளைப் பேண ஆளில்லாமல் போயிற்று.

கால்நடைகளுக்குப் புல் தேவை என்பதால் பூர்வகுடிகள் தீ வைப்பது ஆட்சியாளர் கண்ணில் குற்றமாகத் தெரிந்தது. 1793-ல் ஆளுநர் ஹோசே ஹோவாக்கின் தே அரியாகா அவ்வழக்கத்தைத் தடை செய்யும் ஆணையைப் பிறப்பித்தார். கால்நடைகளோடு காட்டு ஓட்ஸ் போன்ற ஐரோப்பியப் புற்களும் வந்து பரவின. ஒரே பருவத்தில் முளைத்து அடர்ந்து வளரும் இப்புற்கள், மெதுவாக வளரும் குமிழச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

தாவரவியலாளர்களின் வருகை

கலோகார்ட்டஸ் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது கலிபோர்னியாவிலிருந்து அன்று; அதற்கு வடகிழக்கே, இன்றைய ஐடஹோ மாநிலத்திலிருந்து. அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்த லூயிஸ் - கிளார்க் பயணக்குழு 1805 செப்டம்பரில் பசியால் வாடிய நிலையில் நெஸ் பெர்ஸ் மக்களின் நிலத்தை அடைந்தது. அம்மக்கள் கொடுத்த உணவில் கமாஸ் குமிழமும் ஒன்று. திரும்பும் வழியில், 1806 மே மாதம், மலைப்பனி உருகுவதற்காக அதே மக்களின் நிலத்தில் அக்குழு காத்திருந்தது. அப்போது மெரிவெதர் லூயிஸ் சேகரித்த ஒரு செடியை அடிப்படையாகக் கொண்டு, ஃபிரெடெரிக் பர்ஷ் என்ற தாவரவியலாளர் 1814-ல் லண்டனில் வெளியான தமது நூலில் கலோகார்ட்டஸ் என்ற பேரினத்தை நிறுவினார்.

கடலோர மலைகளின் இனங்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர் ஸ்காட்லாந்தில் பிறந்த டேவிட் டக்ளஸ். லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகச் செடி சேகரித்துவந்த அவர் 1830 டிசம்பரில் மான்டரே துறைமுகத்தில் இறங்கினார். 1832 ஆகஸ்ட் வரை கலிபோர்னியாவில் தங்கி, மிஷன்களை இடைத்தங்கலாகக் கொண்டு மலைகளில் சேகரித்தார். அவர் அனுப்பிய செடிகளைக் கொண்டு மஞ்சள் மாரிப்போசா உள்ளிட்ட பல இனங்கள் 1830-களில் இங்கிலாந்தில் விவரிக்கப்பட்டன. டக்ளஸ் 1834-ல் ஹவாய்த் தீவில், காட்டு மாடுகளைப் பிடிக்க வெட்டிய குழியில் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு 35 வயது.

இவ்வாறு செடிகளுக்கு இலத்தீன் பெயர்கள் கிடைத்தன. ஆனால் அச்செடிகளை எப்போது எடுக்கவேண்டும், எவ்வளவு விடவேண்டும் என்ற அறிவு அந்தப் பெயர்களோடு பயணிக்கவில்லை. அது தோண்டிய பெண்களிடமே இருந்தது.

வசைச்சொல்லான தோண்டுதல்

1848 ஜனவரியில் கலிபோர்னியாவின் கொலோமாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. தங்கச் சுரங்கங்கள் பெரும்பாலும் உள்நாட்டு மலைகளில் இருந்தாலும், சுரங்கத் தொழிலாளருக்கு இறைச்சியும் தானியமும் வழங்கும் பண்ணைகள் கடலோரப் பள்ளத்தாக்குகளை நிரப்பின. மாடுகள் புல்வெளிகளை மேய்ந்தன. அவிழ்த்துவிடப்பட்ட பன்றிகள் மண்ணைக் கிளறிக் குமிழங்களையும், மரத்தடியில் விழுந்த ஓக் கொட்டைகளையும் தின்றன. பூர்வகுடிகளின் இரண்டு முதன்மை உணவுகள் இவ்வாறு ஒருசேரக் குறைந்தன.

அக்காலத்தில் கலிபோர்னியப் பூர்வகுடிகளைக் குறிக்க வந்தேறிகள் பயன்படுத்திய சொல் 'டிக்கர்'. ஆங்கிலத்தில் தோண்டுபவர் என்று பொருள். எந்த ஊரார், எந்த மொழியினர் என்ற வேறுபாடு எதுவுமின்றி எல்லோரும் இந்த ஒரே சொல்லால் அழைக்கப்பட்டனர். உழவு அறியாதவர்கள், விலங்குபோல் மண்ணைக் கிளறி உண்பவர்கள் என்ற இகழ்ச்சி அச்சொல்லில் இருந்தது. நிலத்தைப் பயன்படுத்தத் தெரியாதவர்களுக்கு நிலத்தில் உரிமையில்லை என்ற வாதத்துக்கு அது துணைபோனது. தங்கத்துக்காக ஆற்றுப்படுகைகளையும் மலைச்சரிவுகளையும் தோண்டியவர்களே பிறரைத் தோண்டுபவர் என்று ஏசினார்கள்.

1850 ஏப்ரலில் கலிபோர்னியச் சட்டமன்றம் 'இந்தியர்களின் ஆட்சியும் பாதுகாப்பும்' என்ற பெயரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பெயரில் பாதுகாப்பு இருந்தாலும், வேலையின்றித் திரிவதாகச் சொல்லிப் பூர்வகுடிகளைப் பிடித்து வேலைக்கு ஏலம் விடவும், அவர்களது பிள்ளைகளைப் பண்ணையார்கள் தங்களிடம் வைத்து வேலை வாங்கவும் அது வழிசெய்தது. புல்வெளிக்குத் தீ வைப்பதும் அதே சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. இவ்வாறு பூர்வகுடிகளின் உழைப்பைப் பறிக்கவும் நிலம் பேணும் முறையைத் தடுக்கவும் ஒரே சட்டம் பயன்பட்டது.

அதற்கு அடுத்த மாதம், 1850 மே 15 அன்று, கடலோர மலைகளுக்குள் அமைந்த கிளியர் ஏரியில் பெரும் படுகொலை நிகழ்ந்தது. ஆண்ட்ரூ கெல்சி, சார்லஸ் ஸ்டோன் என்ற இரண்டு பண்ணையார்கள் போமோ மக்களை அடிமைகளாக வைத்துப் பட்டினி போட்டும் அடித்தும் வேலை வாங்கியிருந்தனர். 1849 டிசம்பரில் அவ்விருவரும் கொல்லப்பட்டனர். அதற்குப் பழிவாங்க அனுப்பப்பட்ட அமெரிக்கப் படை, அந்நிகழ்வில் தொடர்பில்லாத மக்கள் கூடியிருந்த ஏரித்தீவைத் தாக்கியது. இறந்தோர் எண்ணிக்கை 60 முதல் 200-க்கு மேல் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அவர்களுள் பலர். லூசி மூர் என்ற 6 வயதுச் சிறுமி நீருக்கடியில் மூழ்கி, கோரைத் தண்டின் வழியாக மூச்சுவிட்டு உயிர்பிழைத்ததை அவரது வழித்தோன்றல்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். ஏரியிலிருந்து அப்படை மேற்கே ரஷ்ய நதிப் பள்ளத்தாக்குக்குச் சென்று அங்கும் போமோ மக்களைக் கொன்றது.

1942-ல் அவ்விடத்தில் வைக்கப்பட்ட நினைவுப் பலகை இந்நிகழ்வைப் போர் என்று குறித்தது. படுகொலை என்ற சொல்லைத் தாங்கிய பலகை 2005-ல்தான் அங்கு வந்தது.

1851, 1852-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசின் பிரதிநிதிகள் கலிபோர்னியப் பூர்வகுடிகளோடு 18 ஒப்பந்தங்களைச் செய்து, அவர்களுக்கென நிலம் ஒதுக்குவதாக உறுதியளித்தனர். செனட் சபை அவற்றை ஏற்க மறுத்தது. ஆவணங்கள் 1905 வரை மறைத்து வைக்கப்பட்டன. வரலாற்றாய்வாளர் பெஞ்சமின் மேட்லியின் கணக்குப்படி 1846-ல் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த கலிபோர்னியப் பூர்வகுடிகளின் எண்ணிக்கை 1873-ல் 30,000 அளவுக்குக் குறைந்தது. நோய், பட்டினி, இடப்பெயர்வு ஆகியவற்றோடு நேரடிக் கொலைகளும் இதற்குக் காரணம்.

பசி வந்தபோது

குமிழம் உண்பது இழிவு என்ற எண்ணம் பசிக்கு முன் நிற்கவில்லை. கலிபோர்னியாவுக்குக் கிழக்கே, உட்டா பாலைநிலத்தில் 1847-ல் குடியேறிய மார்மன் சமயத்தவருக்கு அடுத்த ஆண்டுகளில் உறைபனியாலும் வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளாலும் பயிர் சேதமானது. அப்போது அவர்கள் உயிர்தாங்க உதவிய உணவுகளில் 'செகோ' என்ற கலோகார்ட்டஸ் குமிழமும் ஒன்று. செகோ என்பது அப்பகுதிப் பூர்வகுடிகளின் மொழிச்சொல். உண்ணும் முறையும் அவர்களிடமிருந்தே கற்கப்பட்டது. 1911-ல் செகோ லில்லி உட்டாவின் மாநில மலராக அறிவிக்கப்பட்டது.

ஒரே பேரினத்தின் குமிழம் குடியேறிகளின் வரலாற்றில் பொறுமைக்கும் உயிர்தப்பலுக்கும் அடையாளமாகவும், பூர்வகுடிகளின் வரலாற்றில் இழிவுக்கு அடையாளமாகவும் ஆக்கப்பட்டதை இங்கே காணலாம்.

யூக்கையாவிலிருந்து சென்ற குமிழங்கள்

ரஷ்ய நதிப் பள்ளத்தாக்கில் உள்ள யூக்கையா நகரம் 'யோக்காயா' என்ற போமோ சொல்லிலிருந்து தன் பெயரைப் பெற்றது. ஆழ்ந்த பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். நிலம் இழந்த யோக்காயா மக்கள் 1881-ல் கூலிவேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு தங்கள் பழைய நிலத்தில் ஒரு பகுதியை விலைகொடுத்து வாங்கிக் குடியேறினர்.

அதே ஊரில் அதே காலத்தில் வளர்ந்தவர் கார்ல் பர்டி. 1861-ல் பிறந்த இவர் சிறுவயதில் குடும்பத்துடன் யூக்கையாவுக்கு வந்தவர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய இவர், சுற்றியுள்ள மலைகளின் குமிழங்களைத் தோண்டி வெளியூர்த் தோட்ட நிறுவனங்களுக்கு அனுப்பும் தொழிலை இளம் வயதிலேயே தொடங்கினார். நாளடைவில் அது அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கும் ஐரோப்பாவுக்கும் கலிபோர்னியக் குமிழங்களை அனுப்பும் பெரிய வணிகமாக வளர்ந்தது. யூக்கையாவுக்குக் கிழக்கே மலைச்சரிவில் 'டெரசஸ்' என்ற பெயரில் அவர் அமைத்த நாற்றங்கால் புகழ்பெற்றது.

பர்டியை வெறும் வணிகர் என்று ஒதுக்கிவிட முடியாது. இச்செடிகளை மலைகளில் நேரில் கண்டு பழகியவர். 1901-ல் கலோகார்ட்டஸ் பேரினத்தை மறுஆய்வு செய்து கலிபோர்னிய அறிவியல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார். வடகடலோர மலைகளின் மஞ்சள் உருண்டை லில்லிக்கு அவர் இட்ட 'அமாபிலிஸ்' என்ற இனப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 1940-ல் மரியன் ஓன்பி இப்பேரினம் பற்றி எழுதிய விரிவான ஆய்வு வருவதற்கு முன் பர்டியின் கட்டுரை முக்கியமான மூலமாக இருந்தது. போமோ பெண்கள் பின்னிய கூடைகளையும் அவர் சேகரித்தார். அக்கூடைகளையும் அவற்றைப் பின்னியவர்களையும் பற்றித் தனியே எழுதினார். 1945-ல் மறைந்தார்.

அவரது தொழிலையும் பூர்வகுடிப் பெண்களின் வேலையையும் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். இரண்டிலும் கருவியும் இடமும் செடியும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு குடும்பத்தின் உணவுக்காகத் தோண்டுபவர் அடுத்த ஆண்டும் அதே சரிவுக்கு வரவேண்டும். எனவே மண்ணில் விட்டுச் செல்வது அவருக்குத் தேவை. வணிகத்துக்காகத் தோண்டிய குமிழம் மலையை விட்டே நீங்கிவிடும். அது எங்கோ ஒரு தோட்டத்தில் ஒருமுறை பூத்து, ஈரம் மிகுந்த கோடையில் அழுகிப்போவதும் உண்டு. கோடையில் வறட்சியை எதிர்பார்க்கும் செடி என்பதால் வெளியூர்த் தோட்டங்களில் இதை நிலைநிறுத்துவது கடினம். ஆகவே புதிய குமிழங்களுக்கான தேவை தொடர்ந்தது. இன்று சில இனங்கள் நெதர்லாந்தில் பயிராக வளர்க்கப்பட்டு விற்கப்படுவதால் காட்டுச் செடிகளின் மீதான அந்த அழுத்தம் குறைந்துள்ளது.

ரிங் மலையின் பூ

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு வடக்கே டிபுரோன் தீபகற்பத்தில் ரிங் மலை என்ற குன்று இருக்கிறது. ஏறத்தாழ 180 மீட்டர் உயரம். நகரத்தின் கட்டடங்கள் அங்கிருந்து தெளிவாகத் தெரியும். நூற்றாண்டுக்கும் மேலாகத் தாவரவியலாளர்கள் சுற்றித் திரிந்த பகுதி அது. ஆனால் 1971-ல்தான், தாவரவியலில் ஆர்வம் கொண்ட ஒரு மருத்துவர் அங்கே இதுவரை பதிவாகாத ஒரு கலோகார்ட்டஸ் இனத்தைக் கண்டார். 1973-ல் அது டிபுரோன் மாரிப்போசா என்ற பெயரில் விவரிக்கப்பட்டது.

இதன் பூ பளிச்சென்ற நிறமுடையது அன்று. பழுப்பும் பசுமையும் கலந்த இதழ்கள், அவற்றில் அடர்ந்த மயிர். காய்ந்த புல்லுக்கிடையே எளிதில் கண்ணுக்குப் படாது. அந்த ஒரு குன்றின் பாம்புப்பாறை மண்ணைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளரவில்லை. குன்று வீட்டுமனைகளாகியிருந்தால் இனமே அழிந்திருக்கும். இயற்கை ஆர்வலர்களின் முயற்சியால் 1980-களில் நிலம் பாதுகாக்கப்பட்டது. இன்று மரின் கவுண்டியின் பாதுகாக்கப்பட்ட திறந்தவெளியாக உள்ளது. 1995-ல் அமெரிக்க அரசு இச்செடியை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டது.

அதே குன்றில் கடற்கரை மிவோக் மக்களின் முன்னோர் செதுக்கிய பாறைக் குறியீடுகளும், கொட்டைகளை இடித்த உரல்குழிகளும் உள்ளன. தாவரவியலாளருக்கு 1971-ல் புதிதாகத் தெரிந்த அக்குன்று, மிவோக் மக்கள் நெடுங்காலம் வாழ்ந்த இடம்.

மறுபார்வை

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூர்வகுடிகளின் நிலப்பேணல் பற்றிய பார்வை மாறத் தொடங்கியது. எம். கேட் ஆண்டர்சன் பூர்வகுடி முதியவர்களிடம் கேட்டறிந்தும், பழைய பதிவுகளைத் திரட்டியும், களஆய்வு செய்தும் 2005-ல் வெளியிட்ட 'டெண்டிங் தி வைல்ட்' என்ற நூல் இதில் முக்கியமானது. கலிபோர்னியப் பூர்வகுடிகள் இயற்கை தந்ததைப் பொறுக்கி வாழ்ந்தவர்கள் மட்டுமல்லர், அதை வளர்த்தெடுத்தவர்கள் என்று அந்நூல் விளக்குகிறது. குமிழம் தோண்டுதல் அதன் முதன்மையான சான்றுகளில் ஒன்று.

பெயர்களிலும் மாற்றம் வந்தது. டேவிட் டக்ளஸ் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய ஒருவகைப் பைன் மரம், அதன் விதைகளைப் பூர்வகுடிகள் உண்டதால் 'டிக்கர் பைன்' என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டது. அச்சொல் இழிவானது என்பதால் இன்று தாவர நூல்கள் அதைத் தவிர்த்துச் 'சாம்பல் பைன்' என்ற பெயரைப் பயன்படுத்துகின்றன.

2019 ஜூனில் கலிபோர்னிய ஆளுநர் கேவின் நியூசம் பூர்வகுடிகளிடம் மாநில அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நடந்ததை இனப்படுகொலை என்றே குறிப்பிட்டார். பெருங்காட்டுத் தீக்கள் ஆண்டுதோறும் பேரழிவை ஏற்படுத்திவரும் சூழலில், சிறு தீக்களால் நிலத்தைப் பேணும் பூர்வகுடி முறைக்கும் மதிப்பு கூடியிருக்கிறது. அத்தகைய மரபுத் தீ வைப்பை எளிதாக்கும் சட்டம் 2021-ல் நிறைவேறியது. 1793-லும் 1850-லும் குற்றமாக்கப்பட்ட செயல், தலைமுறைகள் கடந்து தீர்வுகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டிருக்கிறது.

இடைப்பட்ட காலத்தில் இழந்தவை எளிதில் திரும்புவன அல்ல. தோண்டும் இடத்தையும் பருவத்தையும் சொல்லிக்கொடுத்த முதியவர்கள் பலர் அவ்வறிவைக் கையளிக்காமலே மறைந்தனர். செடிகளுக்குச் சொந்தப் பெயர் வைத்திருந்த மொழிகள் பலவற்றில் இன்று தாய்மொழியாகப் பேசுவோர் மிகச் சிலரே, அல்லது எவருமில்லை. எஞ்சிய அறிவைக் கொண்டு போமோ, மிவோக் மற்றும் பிற பூர்வகுடிக் குழுவினர் தங்கள் நிலங்களைப் பேணும் வேலையை மீண்டும் தொடங்கியுள்ளனர். மழைக்காலம் முடிந்து மே மாதம் வந்தால், கடலோர மலைகளின் புல்வெளிகளில் மஞ்சள் மாரிப்போசா இன்றும் பூக்கிறது. மாடு மேயாத, தோண்டி எடுத்துத் தீர்க்கப்படாத சரிவுகளில் அது கூட்டமாகவே பூக்கிறது.